பனிக்கடலுக்கு ஒரு சொந்தக் கப்பல்



சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, சோழர் கடற்படையைப் பற்றி எழுதுவதே முறையாகும் என்று முதலில் எண்ணினோம். ஆயின் சங்கப் படிப்பகத்தில் ஒரு மாலை நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி நம் எண்ணத்தை மாற்றிற்று. நம் குடியிருப்பைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தென் துருவத்தில் இந்தியா நிறுவியுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, அங்கே போகிற நம்முடைய கப்பலுக்கு என்ன பெயர்?" என்று வினவினாள். நமக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்துச் சொல்வதாக வாக்களித்தோம். படித்தபின் கிடைத்த விடை நம்மைத் திடுக்கிடச் செய்தது. அந்தக் கப்பலுக்குப் பெயரே இல்லை. ஏனெனில் அப்படி ஒரு கப்பல் நமக்கு இன்னும் இல்லை!

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் நாட்டார் பனிக்கடலுக்குச் சென்று வருகின்றனர். ஆனால் பிறர் கப்பலை வாடகைக்கு அமர்த்தியே சென்று வருகின்றனர். இஃது ஏன்? சொந்தக் கப்பல் வாங்க முயன்றோமா? முயன்ற பிற நாடுகள் எங்ஙனம் வெற்றி கண்டன? இவற்றை நம் சிற்றறிவுக்கு எட்டியவரை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

தூத்துக்குடி தந்த பாடம்

வாடகைக் கப்பலின் இன்னலைத் தமிழனுக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே அதுகாறும் கோலோச்சியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி.

சுதேசிச் சங்கத்துக்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. வேறொரு கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்தே ஓட்டினர். வெள்ளையர் கம்பெனி அந்தக் கப்பல் முதலாளிகளை நெருக்கிற்று. வாடகைக் கப்பல்கள் திரும்பப் பெறப்பட்டன. சரக்கு துறைமுகத்தில் காத்துக் கிடந்தது. பயணிகள் காத்து நின்றனர். பிள்ளை அவர்கள் சோர்ந்துவிடவில்லை. இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி அப்போதைக்குச் சமாளித்தார். ஆயினும் பிறர் கப்பலை நம்பிய தொழில் நிலைக்காது என்பதை உணர்ந்து, பங்கு திரட்டப் பல ஊர்களுக்கும் சென்றார். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சங்கத்தின் சொந்தக் கப்பல்களாகத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

பின்னர் நடந்ததை யாவரும் அறிவர். 1908இல் பிள்ளை அவர்கள் சிறைப்பட்டார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. ஆகவே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடங்கள் இரண்டு. வாடகைக் கப்பல் அதன் உடைமையாளன் சொற்படியே நடக்கும் என்பது ஒன்று. சொந்தக் கப்பல் வந்தாலும், அதனைப் பின்னின்று தாங்கும் கை தளர்ந்தால் அது நிலைக்காது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு பனிக்கடலுக்குச் செல்வோம்.

பனிக்கடற் கப்பலின் இயல்பு

சென்னைத் துறைமுகத்தில் நாம் காணும் கப்பலைப் பனிக்கடலுக்குக் கொண்டு சென்றால் என்ன ஆகும்? மிதக்கும் பனிப்பாளங்கள் இரு புறமும் நெருக்கி அதன் பக்கத் தகடுகளைப் பிளந்துவிடும். கடுங்குளிரில் சாதாரண எஃகு கண்ணாடியைப்போல் நொறுங்கும் தன்மை அடையும். பொறிகளைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரோடு பனித்துகள் புகுந்து குழாய்களை அடைத்துவிடும். உந்து சுழலியின் இதழ்கள் பனிக்கட்டியில் மோதி முறியும்.

ஆதலின் பனிக்கடற் கப்பலுக்கு நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியில் தடித்த தகடு வேண்டும். குளிர் தாங்கும் தனி எஃகு வேண்டும். உள்ளிருந்து தாங்கும் விலா எலும்புகள் நெருக்கமாக அமைதல் வேண்டும். பனியை உடைக்க வல்ல கப்பலின் முகப்பு கத்திபோல் கூராக இராது, சரிவாக இருக்கும். கப்பல் பனியின்மேல் ஏறித் தன் எடையால் அதனை அழுத்தி உடைத்துச் செல்லும். பனியைத் தாங்கும் ஆற்றலுக்கேற்ப 1 முதல் 7 வரை துருவ வகுப்புகள் வகுத்துள்ளனர். 1ஆம் வகுப்பு மிக வலியது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பனியை உடைப்பதற்கென உருண்டு திரண்ட அடிப்பகுதி, திறந்த பெருங்கடலில் தொட்டிலைப்போல் ஆடும். இந்தியாவிலிருந்து செல்லும் கப்பல் வெப்பக் கடலையும், தெற்கே கொந்தளிக்கும் கடலையும், அதன்பின் பனியையும் கடக்க வேண்டும். மூன்றுக்கும் ஏற்ற கப்பலைக் கட்டுவது எளிதன்று. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொருளும் அன்று.

நம்மவர் சென்ற வரலாறு

1981ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டனர். அவர்களைச் சுமந்தது 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வே நாட்டுக் கப்பல். 1982 ஜனவரி 9ஆம் நாள் நம்மவர் தென் துருவக் கண்டத்தில் கால் வைத்தனர். அந்தத் தொடக்கப் பயணங்களில் கப்பலிலிருந்து பனித்தரைக்கு ஆளையும் பொருளையும் சுமந்தவை நம் கடற்படையின் சேத்தக் ஹெலிகாப்டர்கள். பிரெஞ்சு நாட்டு உரிமத்தின் பேரில் நம் பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் உருவானவை அவை என்பதை நம் குடியிருப்பு மக்கள் பெருமையுடன் நினைவு கூரலாம். ஹெலிகாப்டர் நம்முடையது, அதனைத் தாங்கிச் சென்ற கப்பல் பிறருடையது!

1983–84இல் மூன்றாம் பயணத்தினர் 'தட்சிண கங்கோத்ரி' என்னும் நிலையத்தை அமைத்தனர். பனிப்படலத்தின் மேல் அமைந்த அந்நிலையம் நாளடைவில் பனியில் புதையவே, 1990இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே 1989இல், பாறைத் தரையில் 'மைத்ரி' எழுந்துவிட்டது. 2012இல் 'பாரதி' என்னும் மற்றொரு நிலையம், மைத்ரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது. சரக்குப் பெட்டகங்கள் 134 கொண்டு கட்டப்பட்ட வீடு அது. அத்தனையும் கப்பலில் சென்றவையே.

கப்பல் அங்குள்ளோர்க்கு யாது என்பதை எண்ணிப் பாருங்கள். தென் துருவத்தில் கோடை என்பது டிசம்பர் முதல் மார்ச் வரை. அந்தச் சில திங்களில்தான் கப்பல் கரையை அணுக இயலும். ஆண்டு முழுதும் எரிக்கும் எண்ணெயும், உண்ணும் அரிசியும் பருப்பும், மருந்தும் பெரும்பாலும் அதில்தான் வர வேண்டும். அந்தப் பருவத்தில் கப்பல் வாராதொழிந்தால், அங்கே தங்கியிருப்போர் நிலை என்னாகும்? வெளியூரில் பிழைக்கும் நமக்கு, ஊருக்குச் செல்லும் வண்டி ஒரு நாள் இரத்தானாலே மனம் தவிக்கின்றது. அவர்கட்கோ, அடுத்த கப்பல் அடுத்த ஆண்டுதான்.

இஃது ஏட்டளவிலான அச்சமன்று. 2002ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இந்தியப் பயணங்களுக்கும் வாடகைக்கு உழைத்த 'மக்தலேனா ஓல்டெண்டார்ஃப்' என்னும் ஜெர்மானியக் கப்பல், குளிர்காலம் நெருங்கிய வேளையில் பனியில் சிக்கிக்கொண்டது. கப்பலில் இருந்தோர் 107 பேர். அவர்களுள் பெரும்பாலோர் ரஷ்ய ஆராய்ச்சியாளர். தென்னாப்பிரிக்காவின் 'அகுல்ஹாஸ்' கப்பல் விரைந்து சென்று, ஹெலிகாப்டர்களின் மூலம் பலரை மீட்டது. அர்ஜென்டினாவின் பனி உடைக்கும் கப்பலும் உதவிக்குச் சென்றது. ஆயினும் சிக்கிய கப்பலை வெளிக்கொணர இயலவில்லை. எஞ்சிய சிலருடன் அக்கப்பல் குளிர்காலத்தை அங்கேயே கழித்தது. மீட்கச் சென்ற இரு நாடுகளுக்கும் சொந்தமான பனிக்கடற் கப்பல் இருந்தது என்பது கருதத்தக்கது.

ஒப்புதல் வந்தது; கப்பல் வரவில்லை

சொந்தக் கப்பலுக்கு நம் அரசு முயலவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கென 'சாகர் நிதி' என்னும் 104 மீட்டர் நீளக் கப்பல் இத்தாலி நாட்டில் கட்டப்பட்டு வந்தது. பனியைத் தாங்குமாறு உடல் வலுவூட்டப்பெற்ற அக்கப்பல், இந்தியக் கொடியுடன் தென் அகலாங்கு 66 பாகைவரை சென்று தென் துருவக் கடலை எட்டிய முதல் ஆராய்ச்சிக் கப்பல் என்னும் புகழைப் பெற்றது. எனினும் தடித்த பனியை உடைத்து நிலையங்களுக்குச் சரக்குச் சேர்க்கும் பணிக்கு அஃது உரியதன்று.

2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், துருவ ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றைப் பெறுவதற்கு மத்திய அமைச்சரவைக் குழு ஏறத்தாழ 1,051 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. டெண்டர் கோரப்பட்டது. நிறுவனம் டெண்டரில் இல்லாத நிபந்தனைகளை முன்வைத்ததால் அது கைவிடப்பட்டது என்று 2023இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அப்போது கூறப்பட்ட புதிய மதிப்பீடு ஏறத்தாழ 2,600 கோடி ரூபாய். ஒன்பது ஆண்டுகளில் கப்பல் ஓர் அங்குலமும் வளரவில்லை. விலை மட்டும் இரண்டரை மடங்கு வளர்ந்துவிட்டது!

எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இக்கதை புதியதன்று. முன்னாளில் நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் எடைப்பொறி ஒன்றுக்கு இண்டெண்ட் எழுதினோம். ஒப்புதல் வந்தது. டெண்டர் விட்டோம். விலை குறைவாகச் சொன்னவர் பிறகு புது நிபந்தனை கூறினார். கோப்பு மேலே சென்றது, கீழே வந்தது, டெண்டர் இரத்தாயிற்று. மறு ஆண்டு விலை ஏறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஒப்புதல்! அதுவரை வெளியாளின் எடைப்பொறிக்கு மாத வாடகை கொடுத்துவந்தோம். அதில் ஒருவரையும் குறை கூறுவதற்கில்லை. ஒவ்வொருவரும் விதிப்படியே நடந்தனர். ஆயினும் எடைப்பொறி வரவில்லை. ஒப்புதல் வேறு, பொருள் வேறு என்பதை அன்று கற்றோம்.

2025 ஜூன் திங்களில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளம், நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்துடன் துருவ ஆராய்ச்சிக் கப்பலை வடிவமைக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டது. 1981இல் நாம் வாடகைக்கு அமர்த்திய கப்பலும் நார்வேயினது. இன்று கப்பல் கட்டக் கற்கச் செல்வதும் நார்வேயிடமே. முன்னையது கூலி கொடுத்துச் செய்த பயணம், பின்னையது கல்வி. இக்கல்வி இடையில் நின்றுவிடலாகாது என்பதே நம் வேட்கை.

கனடா நாட்டார் பெற்ற பட்டறிவு

அரசு பனிக்கடற் கப்பல் வாங்குவதில் உள்ள இடர்ப்பாட்டை அறியக் கனடாவை நோக்குதல் நலம். அந்நாட்டு வடகோடி முழுதும் பனிக்கடல். 1954இல் 'லாப்ரடார்' என்னும் கடற்படைக் கப்பல் வடமேற்குக் கடல்வழியைக் கடந்து புகழ் பெற்றது. ஆயின் சில ஆண்டுகளிலேயே அது கடற்படையினின்றும் நீக்கப்பட்டுப் போக்குவரத்துத் துறைக்கு மாற்றப்பட்டது. 1985இல் அமெரிக்காவின் பனி உடைக்கும் கப்பல் ஒன்று, கனடாவின் இசைவைக் கோராமலே அவ்வழியே சென்றது. தன் வீட்டுத் தாழ்வாரத்தில் அயலான் கேளாது நடந்தால் எவர்க்குத்தான் சினம் எழாது? மிகப் பெரிய பனி உடைக்கும் கப்பல் ஒன்று கட்டுவோம் என்று கனடா அரசு உடனே அறிவித்தது. 1990இல் செலவு மிகுதி என்று அத்திட்டத்தைக் கைவிட்டது. சினம் கொண்டவிடத்துப் பிறந்த திட்டம், சினம் தணிந்தவிடத்து மறைந்தது.

2007 ஜூலையில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், பனிக்கடலில் காவல் புரியும் கப்பல்கள் ஆறு முதல் எட்டு வரை கடற்படைக்குக் கட்டப்படும் என்று அறிவித்தார். இம்முறை மூன்று காரியங்கள் ஒழுங்காக நடந்தன. முதலாவது, புதிதாக வரையாமல், நார்வேயின் 'ஸ்வால்பார்ட்' என்னும் காவற்கப்பலின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டனர். இரண்டாவது, 2010இல் நாட்டின் கப்பல் கட்டும் பணி முழுமைக்கும் நீண்டகாலத் திட்டம் வகுத்து, 2011இல் ஹாலிஃபாக்ஸ் நகரின் இர்விங் தளத்தைப் போர்க்கப்பல் பணிக்கெனத் தெரிந்தெடுத்தனர். மூன்றாவது, 2015 ஜனவரியில் 230 கோடி டாலருக்குக் கட்டுமான ஒப்பந்தம் செய்து, அதில் உறுதியாக நின்றனர். இடையில் ஆட்சி மாறியும் பணி நிற்கவில்லை.

முதற்கப்பலான 'ஹாரி டிவுல்ஃப்' 103 மீட்டர் நீளம். துருவ வகுப்பு 5. 2020இல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டு, 2021 ஜூனில் பணியில் சேர்ந்தது. அவ்வாண்டே வடமேற்கு வழியைக் கடந்து வட அமெரிக்கக் கண்டத்தையே சுற்றி வந்தது. அறிவிப்புக்கும் கப்பலுக்கும் இடையே 14 ஆண்டுகள்! கடற்படைக்கு எட்டு என்ற எண்ணிக்கை ஆறாகக் குறைந்தது. கடலோரக் காவற்படைக்கென இரண்டு பின்னர்ச் சேர்ந்தன. தடித்த பனியை உடைக்க இவை போதா என்று எள்ளினோரும் உளர். 2022இல் முதற்கப்பலின் மின்னாக்கிகள் பழுதாகிப் பல திங்கள் துறையில் நின்றது. குறையில்லா வெற்றி அன்று. ஆயினும் கப்பல் உண்டு, பெயர் உண்டு, அதைக் கட்டத் தெரிந்த கைகளும் உண்டு.

நம்மால் இயலாதா?

நமக்குப் பனிக்கடலில் எல்லை இல்லை; ஆதலின் கனடாவைப்போல் காவற்கப்பல் வேண்டுவதில்லை; ஆராய்ச்சிக்கும் சரக்குக்குமான கப்பலே போதும். காவற்கப்பலைப் பொறுத்தவரையில் நம் திறம் ஐயத்துக்கு இடமற்றது. கனடா ஒப்பந்தம் செய்த அதே 2015ஆம் ஆண்டில், நம் கடலோரக் காவற்படைக்கு ஏழு ரோந்துக் கப்பல்கள் கட்ட எல் அண்டு டி நிறுவனத்துடன் ஒப்பந்தமாயிற்று. முதற்கப்பல் 'விக்ரம்' 2018 ஏப்ரலில் சென்னையில் பணியில் சேர்ந்தது. ஏழாவதான 'விக்ரகா' 2021 ஆகஸ்டில் சேர்ந்தது. இக்கப்பல்களைக் கட்டியதில் சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் தளத்தின் உழைப்பு குறிப்பிடத்தக்கது. எண்ணிக்கை முன்பே உறுதியாக இருந்தது. வேண்டுவது இன்னதெனத் தெளிவாக இருந்தது. வேலை தடையின்றி நடந்தது.

இரயில்வேயில் இருப்போர்க்கு இது கண்கூடு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் ஸ்விட்சர்லாந்து நிறுவனத்தின் துணையோடு தொடங்கிற்று. கற்ற வித்தை பின்னர் நம்முடையதாயிற்று. ரயில் சக்கரங்களில் பெரும்பகுதி ஒருகாலத்தில் அயல்நாடுகளிலிருந்து வந்தது. 1984 முதல் நம் எலகங்காவிலேயே வார்க்கப்படுகின்றன. பிறரிடம் கற்பது இழிவன்று; கற்றபின்னும் வாடகையே கொடுத்துக்கொண்டிருப்பதுதான் இழிவு.

"ஆண்டில் சில திங்கள் தேவைப்படும் பொருளை வாங்குவானேன்? வாடகையே சிக்கனமன்றோ?" என்று வினவுவாரும் உளர். இக்கேள்வி புறந்தள்ளத்தக்கதன்று. திருமணத்துக்குப் பந்தலை வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. ஆனால் வடதுருவப் பகுதியிலும் 2008 முதல் நமக்கு 'ஹிமாத்ரி' என்னும் நிலையம் உண்டு. தெற்கே குளிர்காலமாகும்போது வடக்கே கோடை. ஒரே கப்பல் இரு பருவத்திலும் உழைக்கலாம். இடையே பெருங்கடல் ஆராய்ச்சியும் செய்யலாம். அனைத்தினும் மேலாக, பனியில் கப்பல் செலுத்தும் மாலுமிகள் வாடகைக் கப்பலில் நமக்கு உருவாக மாட்டார்கள். பயணியாகச் சென்று எவரும் வண்டியோட்டக் கற்றதில்லை.

நம் சங்கமும் இத்தனை ஆண்டுகளாக வாடகைக் கூடத்திலேயே விழா நடத்தி வருகின்றது. கூடத்துக்காரர் தம் வீட்டுக் கலியாணத்துக்கு நாள் கேட்டால் பொங்கல் விழாவையே நாம் தள்ளி வைக்கின்றோம். கட்டட நிதிக்கு ஒப்புதல் தெரிவித்துக் கைதூக்கியோர் பலர். பணம் செலுத்தியோர் சிலர். அரசைக் குறை கூறுமுன் இதனையும் எண்ணிப் பார்ப்போமாக. பிள்ளை அவர்களின் காலத்தில் 25 ரூபாய்ப் பங்கு வாங்கியோர் கைதூக்கியதோடு நிற்கவில்லை. அதனால்தான் இரு கப்பல்கள் வந்தன.

அந்த மாணவிக்கு நாம் உண்மையையே கூறினோம்: "அம்மா, பெயர் வைக்க இன்னும் கப்பல் வரவில்லை, கட்டப் பேச்சு நடக்கிறது." அவள் சற்று எண்ணிவிட்டு, "நான் படித்து முடிப்பதற்குள் வந்துவிடுமா, மாமா?" என்று கேட்டாள். அவள் படித்து முடிக்க இன்னும் எட்டு ஆண்டுகளேனும் ஆகும். எட்டு ஆண்டுகள் ஒரு கப்பலுக்குப் போதுமானவை, கோப்புக்குத்தான் போதா. அவள் பட்டம் பெறும் ஆண்டின் மலரில் அக்கப்பலின் பெயரை எழுதும் பேறு நமக்கோ, நமக்குப் பின் இப்பணியை ஏற்பவர்க்கோ வாய்க்குமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!